பழைய கணினியில் அலுவலகச் சேவையகம் திறக்கவில்லையா? சரிபார்க்க வேண்டிய வரிசை

தோட்ட அலுவலகம், ஆலய நிர்வாக அறை, சிறு அச்சகம், கணக்கர் அலுவலகம் எனப் பல இடங்களில் விண்டோஸ் எக்ஸ்பி அல்லது விண்டோஸ் 7 கொண்ட கணினி ஒன்றாவது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பழைய கணக்கு மென்பொருள் புதிய கணினியில் ஏறாது என்பதே பெரும்பாலும் காரணம். அலுவலகத்திற்குப் புதிய சேவையகம், அதாவது சர்வர், வந்ததும் அந்தப் பழைய கணினியால் பகிர்வுக் கோப்புறையைத் திறக்க முடியாமல் போகிறது. சம்பளப் பட்டியலும் ஊழியர் சேமநிதிக் கணக்கும் ஒரு பக்கம் மாட்டிக்கொண்டால் மாதக் கடைசியில் வேலை நின்றுவிடும். இதற்குக் காரணம் என்ன, எதை முதலில் பார்ப்பது, எதைச் செய்யவே கூடாது என்பதை இங்கே காணலாம்.

சிக்கலின் வேர்

விண்டோஸ் கணினிகள் ஒன்றிடம் ஒன்று கோப்பு கேட்கவும் கொடுக்கவும் எஸ்எம்பி என்ற நெறிமுறையைப் பயன்படுத்துகின்றன. கணினிகள் பேசிக்கொள்ளும் மொழி என்று அதைச் சொல்லலாம். 2001இல் வந்த எக்ஸ்பிக்கு எஸ்எம்பி 1 மட்டுமே தெரியும். அடுத்து வந்த விஸ்தாவில் எஸ்எம்பி 2 அறிமுகமானது. 2009இல் வந்த விண்டோஸ் 7க்கு 2.1 வரை தெரியும். விண்டோஸ் 8இல் 3.0, விண்டோஸ் 10இல் 3.1.1 எனப் பதிப்புகள் வளர்ந்தன. இரு கணினிகளுக்கும் பொதுவாகத் தெரிந்த பதிப்பு ஒன்றும் இல்லையென்றால் இணைப்பே தொடங்காது.

2017 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 10இன் 1709 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் எஸ்எம்பி 1ஐ இயல்பாக நிறுவுவதில்லை. ஹோம், புரோ பதிப்புகளில் அது இருந்தாலும், கணினி இயங்கிய காலத்தில் மொத்தம் 15 நாள் பயன்படாவிட்டால் தானாகவே நீங்கிவிடும். லினக்ஸ் சேவையகங்களிலும் சேமிப்புப் பெட்டிகளிலும் பயன்படும் சாம்பா மென்பொருள், 2019இல் வந்த 4.11 பதிப்பிலிருந்து அதை இயல்பாக அணைத்து வைத்திருக்கிறது.

ஆகவே எக்ஸ்பி கணினி என்றால் மொழிதான் முதல் சந்தேகம். விண்டோஸ் 7 என்றால் அப்படியல்ல. அதற்கு எஸ்எம்பி 2.1 தெரியும் என்பதால் கடவுச்சொல், நேரம், தடுப்புச்சுவர் ஆகியவற்றையே முதலில் பார்க்க வேண்டும்.

வரிசையாகச் சோதிப்பது எப்படி

1. அதே கோப்புறையைப் புதிய கணினி ஒன்றிலிருந்து திறந்து பார்க்கவும். அங்கும் திறக்கவில்லை என்றால் கோளாறு சேவையகத்தில் இருக்கக்கூடும். பழைய கணினியைக் குடைய வேண்டியதில்லை.

2. கம்பியையும் சுவிட்ச் பெட்டியின் விளக்கையும் பார்க்கவும். பிறகு கட்டளைத் திரையில் பிங் கட்டளையோடு சேவையகத்தின் ஐபி எண்ணைத் தரவும். பதில் வந்தால் கம்பிவழி சரி. வராவிட்டால் உடனே முடிவுக்கு வர வேண்டாம்; சில சேவையகங்கள் இதற்குப் பதில் தராதபடி அமைக்கப்பட்டிருக்கும்.

3. பெயருக்குப் பதில் எண்ணால் திறந்து பார்க்கவும். சேவையகத்தின் எண் 192.168.1.10 என்றால், ரன் பெட்டியில் \\192.168.1.10 என்று தட்டினால் போதும். எண்ணால் திறந்து பெயரால் திறக்காவிட்டால் சிக்கல் பெயரைக் கண்டுபிடிக்கும் அமைப்பில் இருக்கிறது. நெட்வொர்க் பட்டியலில் சேவையகத்தின் பெயர் தெரியவில்லை என்பதாலேயே இணைப்பு இல்லை என்று எண்ணிவிடக் கூடாது.

4. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் திரும்பத் திரும்பக் கேட்டால், கணினி பழைய கடவுச்சொல்லை நினைவில் வைத்திருக்கலாம். விண்டோஸ் 7இல் கண்ட்ரோல் பேனலில் உள்ள கிரெடென்ஷியல் மேனேஜர் பகுதிக்குச் சென்று, சேவையகத்தின் பெயரில் உள்ள பதிவை நீக்கிவிட்டு மீண்டும் நுழையவும்.

5. கணினியின் தேதியையும் நேரத்தையும் பார்க்கவும். டொமைன் முறையில் இயங்கும் அலுவலகங்களில் நேரம் 5 நிமிடத்திற்கு மேல் வேறுபட்டால் நுழைவு மறுக்கப்படலாம். ஒவ்வொரு காலையும் தேதி பழைய ஆண்டுக்கே திரும்பினால், தாய்ப்பலகையில் உள்ள சிறிய வட்ட பேட்டரி தீர்ந்துவிட்டது என்று பொருள். பெரும்பாலான கணினிகளில் அது சிஆர்2032 வகை. சில வெள்ளிச் செலவில் தீரும் கோளாறு இது.

6. இவை அனைத்தும் சரியாக இருந்து, எக்ஸ்பி கணினி மட்டும் இணைப்பு அறுந்துவிட்டதாகவோ பாதை கிடைக்கவில்லை என்றோ செய்தி காட்டினால் காரணம் எஸ்எம்பி பதிப்புதான் என்று கொள்ளலாம்.

புதியது பழையதைத் திறக்க மறுத்தால்

சில இடங்களில் நிலைமை தலைகீழ். புதிதாக வாங்கிய விண்டோஸ் 11 கணினி, பல ஆண்டாக ஓடும் சேமிப்புப் பெட்டியைத் திறக்காது. 2024இல் வெளியான 24எச்2 பதிப்பில், கோப்புப் பகிர்வுக்கு டிஜிட்டல் கையொப்பம் இயல்பாகவே கேட்கப்படுகிறது. புரோ பதிப்பில் கடவுச்சொல் இல்லாத விருந்தினர் நுழைவும் நிறுத்தப்பட்டுள்ளது. சேமிப்புப் பெட்டியின் உள்மென்பொருளைப் புதுப்பித்து, ஒவ்வொரு பயனருக்கும் பெயரும் கடவுச்சொல்லும் ஏற்படுத்துவதே இதற்கு வழி. ஸ்கேன் செய்ததை நேரடியாகக் கோப்புறைக்கு அனுப்பும் பழைய நகல் இயந்திரங்கள் சிலவும் எஸ்எம்பி 1ஐயே நம்பியிருக்கின்றன. அவற்றை மின்னஞ்சலுக்கோ பென் டிரைவுக்கோ அனுப்பும்படி மாற்றிக்கொள்ளலாம்.

செய்யக் கூடாத குறுக்குவழி

சேவையகத்தில் எஸ்எம்பி 1ஐ மீண்டும் இயக்கினால் எக்ஸ்பி உடனே திறந்துவிடும். கணினி பழுதுபார்க்க வருபவர்கள் சிலர் ஐந்து நிமிடத்தில் இதைச் செய்துவிட்டுப் போவதுண்டு. ஆனால் அந்த ஒரு பழைய கணினிக்காக அலுவலகத்தின் கோப்புகள் அனைத்தையும் பணயம் வைக்கும் செயல் அது.

2017 மே 12ஆம் தேதி பரவத் தொடங்கிய வன்னாகிரை என்ற பணப்பறிப்பு நச்சுநிரல், எஸ்எம்பி 1இல் இருந்த ஓட்டை வழியாகத்தான் கணினிக்குக் கணினி தாவியது. 150க்கும் மேற்பட்ட நாடுகள் பாதிக்கப்பட்டன. பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளின் சந்திப்புகளை ரத்து செய்ய நேர்ந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதத்திற்கு முன்பே, மார்ச் 14ஆம் தேதி, வெளியிட்டிருந்தது. அதை நிறுவாதவர்களே சிக்கிக்கொண்டனர். எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8ஆம் தேதியும் விண்டோஸ் 7க்கானது 2020 ஜனவரி 14ஆம் தேதியும் முடிந்துவிட்டன. இனி கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளுக்கு அவற்றில் அடைப்பு வராது.

தடுப்புச்சுவரை முழுவதும் அணைத்துவிட்டு அப்படியே மறந்துவிடுவதும், ‘எவ்ரிஒன்’ என்ற பெயரில் எல்லாருக்கும் முழு உரிமை தருவதும் இதே வகைத் தவறுகள்தான்.

பாதுகாப்பான வழிகள்

எக்ஸ்பி கணினியை வலையமைப்பிலிருந்து கழற்றித் தனியாக வைப்பதே எளியது. கோப்புகளை ஃபேட்32 வடிவிலான பென் டிரைவில் எடுக்கலாம். ஒரு கோப்பு 4 ஜிபிக்குள் இருக்க வேண்டும். சேவையகத்தில் ஏற்றும் முன் அந்த டிரைவை, நச்சுநிரல் தடுப்பு உள்ள புதிய கணினியில் சோதிப்பது கட்டாயம்.

கணினியே எழவில்லை என்றால் அதன் வன்தட்டைக் கழற்றி, யுஎஸ்பி இணைப்பான் வழியாகப் புதிய கணினியில் படிக்கலாம். வன்தட்டு கெடாதவரை தரவு போய்விடாது. பழைய மென்பொருள் தினமும் தேவை என்றால், புதிய கணினிக்குள் மெய்நிகர் கணினி ஒன்றை அமைத்து, அதற்கு வலை இணைப்பு கொடுக்காமல் அதில் ஓட்டலாம்.

தமிழ்க் கோப்புகளுக்குத் தனிக் கவனம்

ஆலய மலர்கள், திருமண அழைப்பிதழ்கள், பள்ளி ஆண்டிதழ்கள் போன்ற பழைய கோப்புகள் யூனிகோடு பரவலாவதற்கு முந்திய எழுத்துருக்களில் இருக்கக்கூடும். திஸ்கி முறையில் தட்டச்சு செய்தவை புதிய கணினியில் புரியாத குறிகளாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று எண்ணி அழித்துவிட வேண்டாம். பழைய கணினியின் ஃபாண்ட்ஸ் கோப்புறையில் உள்ள தமிழ் எழுத்துருக்களையும் சேர்த்து நகலெடுத்து, பின்னர் மாற்றி மென்பொருளின் உதவியால் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

தள்ளிப்போடக் கூடாதது

மலேசியாவில் வணிகக் கணக்கு ஆவணங்களை 7 ஆண்டுகள் பாதுகாத்து வைக்க வேண்டும் என்பது வருமான வரிச் சட்டத்தின் விதி. கணினி பழுதாகிவிட்டது என்ற காரணம் அந்தக் கடமையை நீக்காது. பழைய கணினி இயங்கும்போதே அதில் உள்ளவற்றை இரண்டு இடங்களில் நகலெடுத்து, அவற்றில் ஒன்றை அலுவலகத்திற்கு வெளியே வைக்க வேண்டும். நகல் திறக்கிறதா என்று வேறொரு கணினியில் சோதித்த பிறகே பழையதை ஓய்வுபெறச் செய்யலாம். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடிந்துவிட்டதால், இந்த வேலை எக்ஸ்பி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் உரியதல்ல.