புதிய மகிழுந்தும் கறுப்பெண்ணெயும்

மாட்டுவண்டி ஊர்ந்த காலத்திலேயே உராய்வின் கேட்டைத் தமிழர் உணர்ந்திருந்தனர். வைக்கோலைச் சுட்டெடுத்த கரியை ஆமணக்கெண்ணெயில் குழைத்து வண்டியின் அச்சில் தடவினர். அக்கருஞ்சாந்திற்கு மசகு என்று பெயர். மசகு வற்றிய வண்டி கிறீச்சிடும், அச்சு தேயும், இழுக்கும் மாடும் இளைக்கும். வண்டிக்காரனுக்கு இஃது ஏட்டில் எழுதித் தந்த பாடம் அன்று. செவியால் கேட்டும் கையால் தொட்டும் அவன் அறிந்துகொண்ட உண்மை.

மாட்டின் இடத்தை எந்திரம் பற்றிக்கொண்ட பின்னரும் அவ்வுண்மை மாறவில்லை. ஆயினும் எண்ணெய் கண்ணுக்குப் புலப்படாத இடத்திற்குச் சென்றுவிட்டது. ஆகவே புதிய மகிழுந்து வாங்கிய எவருக்கும் இரண்டு ஐயங்கள் எழுகின்றன. தொடக்கத்தில் தோன்றும் ஒலியும் வாடையும் எண்ணெய்க் குறைவும் குறைபாட்டின் அடையாளங்களா, அன்றிப் புதுமையின் இயல்பா என்பது ஒன்று. எந்த எண்ணெயை ஊற்றுவது, எப்பொழுது மாற்றுவது என்பது மற்றொன்று. இவ்வினாக்களுக்குரிய விடை, நூறாண்டுக் காலத்தில் பலமுறை மாறியிருக்கிறது. அம்மாற்றத்தின் வரலாற்றை அறிந்தால்தான் இன்றைய விடையின் பொருள் விளங்கும்.

சாலையை நம்பிய ஊர்

ஜொகூரின் வடபகுதியில், சிகாமட் மாவட்டத்தில், லாபிசுக்கும் யோங் பெங்கிற்கும் இடையே பழைய நெடுஞ்சாலையின் மீது அமைந்த ஊர் சாஆ. 1909ஆம் ஆண்டில் நிறைவெய்திய ஜொகூர் இருப்புப்பாதை லாபிசையும் பெக்கோக்கையும் தொட்டுச் சென்றது, சாஆவைத் தொடவில்லை. எனவே சுற்றிலுமுள்ள ரப்பர்த் தோட்டங்களுக்கும், பின்னாளில் பெருகிய செம்பனைத் தோட்டங்களுக்கும் சாலையே உயிர்நாடியாயிற்று. 1923ஆம் ஆண்டில் ஜொகூர் கடற்பாலத்தின் வழியே தொடர்வண்டிகள் ஓடத் தொடங்கின. 1924ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் அப்பாலம் முறைப்படி திறக்கப்பட்டது. அதன்பின் சிங்கப்பூரிலிருந்து மோட்டார் வண்டிகள் படகை நம்பாமல் தீபகற்பத்தினுள் வர வழி பிறந்தது.

இத்தோட்டங்களில் உழைத்த தமிழருள் சிலர் லாரி ஓட்டுநராயினர். சிலர் பட்டறைகளில் தொழில் கற்றனர். வண்டியின் கையேடு ஆங்கிலத்தில் இருந்தது. தொழிலோ வாய்மொழியாகத் தமிழில் கைமாறியது. 'இதைச் செய்' என்னும் விதி தலைமுறை தலைமுறையாக வந்தது. 'ஏன் செய்ய வேண்டும்' என்னும் காரணம் பல வேளைகளில் வழியிலேயே நழுவியது. இக்கட்டுரையின் மையம் அந்த நழுவலே.

அளவுகோல் இல்லாத எந்திரம்

1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் உருவாக்கப்பட்ட போர்டு 'டி' வகை மகிழுந்தில் எண்ணெயை அழுத்தித் தள்ளும் பம்பு கிடையாது. எந்திரத்தின் சுழல் சக்கரம் எண்ணெயை வாரி இறைக்கும். ஒரு குழாய் அதில் சிறிதளவை முன்புறத்திற்குக் கொண்டு செல்லும். அளவு பார்க்கும் கோலும் இல்லை. அடியில் மேலும் கீழுமாக இரண்டு சிறு திருகு குழாய்கள் இருந்தன. ஓட்டுநர் வண்டியின் அடியில் புகுந்து அவற்றைத் திறந்து பார்க்க வேண்டும். கீழ்க்குழாயில் எண்ணெய் வந்து மேற்குழாயில் வராவிடின் அளவு சரி. கீழ்க்குழாயிலும் வராவிடின் எந்திரத்திற்கு ஆபத்து நெருங்கிவிட்டது என்று பொருள்.

அந்நாளில் எந்த எண்ணெய் நல்லது என்பதே தீராத வினாவாக இருந்தது. நம் மாட்டுவண்டிக்கு உதவிய ஆமணக்கு இவ்விடத்தில் மீண்டும் வரலாற்றினுள் நுழைகிறது. 1909ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வேக்பீல்டு நிறுவனம் ஆமணக்கெண்ணெய் கலந்த எந்திர எண்ணெயை உருவாக்கி, ஆமணக்கின் ஆங்கிலப் பெயரைத் தழுவிக் காஸ்ட்ரால் என்று பெயரிட்டது. முதல் உலகப் போரில் பறந்த சுழல் எந்திர விமானங்களும் ஆமணக்கெண்ணெயையே நம்பின. பெட்ரோலில் அஃது எளிதில் கரையாது. சூட்டிலும் வழுவழுப்பை இழக்காது. ஆயினும் நாள்பட்டால் பிசினாக இறுகிப் படியும். ஆகவே அன்றாட வண்டிகளில் நிலத்தடி எண்ணெயிலிருந்து பிரித்தெடுத்த மசகெண்ணெயே நிலைத்தது.

அமெரிக்க உந்துப் பொறியாளர் கழகம் எண்ணெய்களை அவற்றின் குழைமத்தன்மைக்கேற்ப எண்ணிட்டு வகுத்தது. இன்றும் கலன்களின்மேல் காணப்படும் 30, 40, 50 ஆகிய எண்கள் அவ்வகுப்பின் வழிவந்தவையே. எண் உயர்ந்தால் எண்ணெய் தடிப்பானது; அவ்வளவே. எண் உயர்ந்தது தரத்தில் உயர்ந்தது என்று கருதுதல் அன்றும் பிழை, இன்றும் பிழை.

முதல் ஐந்நூறு மைல்

புதிய எந்திரம் ஆலையை விட்டு வெளிவரும்போது முற்றுப்பெற்ற பொருள் அன்று. உருளையின் உட்சுவரில் குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய கீறல்கள் வேண்டுமென்றே இடப்படுகின்றன. அக்கீறல்களில் எண்ணெய் தங்கும். அவற்றின் மேடுகளைப் பிஸ்டன் வளையங்கள் சிறிது சிறிதாகத் தேய்த்துத் தமக்குப் பொருந்துமாறு செய்துகொள்கின்றன. அந்தப் பொருத்தம் அமையும்வரை சிறிதளவு எண்ணெய் மேலேறி எரியும். தேய்ந்த உலோகத்துகள் எண்ணெயில் கலக்கும். புதிய வண்டி முதல் சில நூறு மைலில் சற்றே கூடுதலாக எண்ணெய் குடிப்பதும், முதலில் வடித்த எண்ணெயில் உலோகம் மினுமினுப்பதும் இக்காரணத்தால்தான். அது நோய் அன்று, பிறப்பின் எச்சம்.

1950களில் வந்த பிரிட்டிஷ் மகிழுந்துகளின் கையேடுகள் முதல் 500 மைல்வரை மட்டான வேகத்தையே வற்புறுத்தின. பின் கண்ணாடியில் 'வண்டி பழகுகிறது, முந்திச் செல்க' என்னும் கருத்தமைந்த அட்டையை ஒட்டிக்கொண்டு மெல்லச் செல்வது இங்கிலாந்தில் வழக்கமாக இருந்தது. 500 மைல் முடிந்ததும் முதல் எண்ணெய் முழுவதும் வடிக்கப்பட்டது. அன்றைய உலோகச் செதுக்கலின் நுட்பக் குறைவுக்கு இவ்விதி இன்றியமையாத மருந்தாயிற்று.

ஆனால் மென்மைக்கும் ஓர் அளவுண்டு. வளையத்தைச் சுவரோடு அழுத்துவது எரிவாயுவின் அழுத்தம். வண்டியை மிகவும் தயங்கித் தயங்கியே ஓட்டினால் அவ்வழுத்தம் போதாது. எண்ணெய் சுவரில் கருகி வழுக்குப் படலமாகப் படியும். வளையம் என்றுமே பொருந்தாமற் போகும். வேகத்தைக் கூட்டியும் குறைத்தும், மிகையின்றி ஓட்டுவதே நெறி. 'புது வண்டியை மெல்ல ஓட்டு' என்ற விதியை மட்டும் அறிந்து காரணத்தை அறியாதவர், நல்லெண்ணத்தோடே வண்டிக்குத் தீங்கு செய்தனர்.

கருமை குற்றமா?

மலாய் மொழியில் எந்திர எண்ணெய்க்கு மக்கள் வழங்கும் பெயர் 'மின்யாக் ஹீத்தாம்'. தமிழில் கறுப்பெண்ணெய் என்பது அதன் பொருள். கலனைத் திறந்து ஊற்றும்போது எண்ணெய் தேன் நிறத்தது. கருமை அதன் பிறவிக்குணம் அன்று; உழைப்பால் வந்தது.

1923ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எர்னஸ்ட் சுவீட்லாந்து என்பவர் மகிழுந்துக்கான எண்ணெய் வடிகட்டிக்குக் காப்புரிமை பெற வழிவகுத்தார். அதற்கு முன் அழுக்கு முழுவதும் எந்திரத்திற்குள்ளேயே சுழன்றது. இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் அழுக்கைக் கழுவி ஏந்திக்கொள்ளும் வேதிப்பொருள்கள் எண்ணெயில் பரவலாகச் சேர்க்கப்பட்டன. முன்பு அடியில் சேறாகப் படிந்த கரி, இப்பொழுது எண்ணெயிலேயே மிதந்தது. வடிக்கும்போது உடன் வெளியேறியது. எனவே எண்ணெய் விரைவில் கறுத்தல் அது கெட்டதற்குச் சான்றாகாது. கழுவும் பணியைச் செய்வதற்கே சான்றாகலாம். கண்ணால் மட்டும் கண்டு மாற்றியவர் தேவையற்ற செலவைச் செய்தார். கறுக்கவில்லை என்று காத்திருந்தவரோ, அதனினும் பெரிய இழப்பைத் தேடிக்கொண்டார். ஓடிய தொலைவும் கடந்த மாதங்களுமே உரிய அளவைகள்.

உள்நாட்டு மகிழுந்தின் வருகை

1967ஆம் ஆண்டு தொடங்கி மலேசியாவில் மகிழுந்துகளைப் பொருத்தும் ஆலைகள் தோன்றின. ஜொகூர் பாருவிலும் அத்தகைய ஆலை அமைந்தது. பின்னர் 1983ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் புரோட்டோன் நிறுவனம் பதிவு பெற்றது. 1985ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் ஷா ஆலாம் ஆலையிலிருந்து முதல் புரோட்டோன் சாகா வெளிவந்தது. அதன் எந்திரம் ஜப்பானிய மிட்சுபிஷியின் வடிவமைப்பு. நடுத்தர வருவாயினர் பலருக்குத் தம் வாழ்வின் முதல் புதிய மகிழுந்தாக அஃது அமைந்தது. அதுவரை பழைய வண்டிகளையே வாங்கிப் பழகிய குடும்பங்கள், முதன்முறையாகப் 'பழக்க வேண்டிய' எந்திரத்தைக் கையில் பெற்றன. பட்டறையின் பழைய விதிகள் அவ்வேளையில் வீட்டு வாயில்களுக்கு வந்தன.

1994ஆம் ஆண்டில் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையும் திறக்கப்பட்டது. சாஆவின் வழியே நெளிந்து சென்ற பயணம், மேற்கே பாகோ வழியாக நேர்ப்பாதையாயிற்று. பழைய சாலையில் லாரிக்குப் பின்னும் வளைவிலும் தானே கூடிக் குறைந்த வேகம், புதிய சாலையில் மணிக்கணக்கில் ஒரே நிலையில் நின்றது. புதிய எந்திரம் பழகுதற்கு ஒரே சீரான வேகம் உகந்தது அன்று. சாலை மேம்பட்டதால் ஓட்டுநர் அறிந்து செய்ய வேண்டியது கூடிற்று.

எண்ணெயும் மாறிவிட்டது. 20டபிள்யூ-50 என்னும் குறியில் உள்ள ஆங்கில எழுத்து குளிர்காலத்தைச் சுட்டும். முதல் எண் குளிரில் எண்ணெய் ஓடும் இயல்பையும், இரண்டாம் எண் நூறு டிகிரிச் சூட்டில் அதன் தடிப்பையும் காட்டும். ஜொகூரில் பனிக்காலம் இல்லை. எனவே தடித்த எண்ணெயே இம்மண்ணுக்கு ஏற்றது என்னும் கருத்து பட்டறைகளில் வேரூன்றியது. இடைவெளி மிகுந்த பழைய எந்திரங்களுக்கு அது பொருந்தியும் இருந்தது. இன்றைய எந்திரங்களில் இடைவெளிகள் மிகக் குறுகியவை. வால்வுகளின் நேரத்தை மாற்றும் அமைப்பும் பல வண்டிகளில் எண்ணெயின் அழுத்தத்தாலேயே இயங்குகிறது. தேய்மானத்தின் பெரும்பங்கு எந்திரத்தை முடுக்கும் கணத்தில் நேர்வதால், விரைந்து பாயும் மெல்லிய எண்ணெயே அங்குக் காவல். 0டபிள்யூ-20 என்று கையேடு சொல்லும் வண்டியில் 20டபிள்யூ-50ஐ ஊற்றுவது பாதுகாப்பு அன்று. நேற்றைய விடையை இன்றைய வினாவிற்கு எழுதுவதாகும்.

காரணமும் கற்பிக்கப்பட வேண்டும்

பழைய ஓட்டுநர்கள் அறியாதவர் அல்லர். அவர்தம் விதிகள் ஒவ்வொன்றும் அவர்கள் காலத்து எந்திரத்திற்கு உண்மையாயிருந்தன. எந்திரம் மாறியது, விதி மாறவில்லை. காரணத்தோடு கற்றவன் எந்திரம் மாறும்போது விதியையும் மாற்றிக்கொள்வான். விதியை மட்டும் கற்றவனுக்கு அது நம்பிக்கையாகிவிடும். நம்பிக்கையை மாற்றுதல் எளிதன்று. ஒரு தோட்டக் குடும்பம் பல்லாண்டு சேமித்து வாங்கும் வண்டியின் ஆயுள், இச்சிறு வேறுபாட்டில் தங்கியுள்ளது.

மசகு, உராய்வு, குழைமத்தன்மை, வடிகட்டி ஆகிய சொற்கள் தமிழில் இல்லாதவை அல்ல. அறிவியல் வகுப்பில் உராய்வைக் கற்பிக்கும்போது, மாட்டுவண்டியின் அச்சிலிருந்து தொடங்கி மகிழுந்தின் உருளைவரை மாணவரை அழைத்துச் செல்ல அவை போதும். மலேசியாவில் புதிய வண்டியின் முதல் பராமரிப்பு 1,000 கிலோமீட்டரில் அமைவது பரவலான வழக்கம். அந்நாளில் தந்தையுடன் பட்டறைக்குச் செல்லும் மாணவன், வடியும் எண்ணெயைக் கண்டு 'இஃது ஏன் மினுங்குகிறது?' என்று வினவட்டும். கையேட்டைத் திறந்து, எண்ணெயின் எண்ணைத் தந்தைக்குப் படித்துக் காட்டட்டும்.