யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது?

பாடசாலைப் போட்டிகளுக்கு அணிகளைத் தெரிவுசெய்யும் ஆசிரியர்களாகிய நாம் அறிந்திருக்க வேண்டிய ஒரு வரலாறு இது.

1915 டிசம்பரில் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் நான்கு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒரு விளையாட்டுக் கூட்டமைப்பை உருவாக்கின: கலிபோர்னியா, வொஷிங்டன், ஒரிகன், இன்று ஒரிகன் ஸ்டேட் எனப்படும் விவசாயக் கல்லூரி. நான்கும் பசிபிக் கரையோர மாநிலங்களைச் சேர்ந்தவை. அதன் வழிவந்ததே 'பெக்-12'.

அன்று அயல் என்பதே பெரிய தகுதி. அமெரிக்கக் காற்பந்தை ஒளிபரப்பத் தொலைக்காட்சிகள் கோடிக்கணக்கில் பணம் கொட்டத் தொடங்கியதும் கேள்வி மாறியது: இவர்களைச் சேர்த்தால் எத்தனை பேர் பார்ப்பார்கள்?

2022இல் லொஸ் ஏஞ்சல்ஸின் இரு பல்கலைக்கழகங்கள் 'பிக் டென்' கூட்டமைப்புக்குப் போவதாக அறிவித்தன. 2023இல் வொஷிங்டனும் ஒரிகனும் அவற்றின் பின்னால் போயின. நான்கு 'பிக் 12'க்குச் சென்றன. ஸ்டான்போர்டும் கலிபோர்னியாவும் நாட்டின் மறுகரையிலுள்ள அத்லாந்திக் கூட்டமைப்பில் இணைந்தன. அதே நாளில் அங்கே இடம்பெற்ற டெக்சாஸின் எஸ்.எம்.யு., அதற்காக 9 வருடத் தொலைக்காட்சிப் பங்கையே விட்டுக்கொடுத்தது.

மிஞ்சியவை இரண்டு: ஒரிகன் ஸ்டேட், வொஷிங்டன் ஸ்டேட். இரண்டும் சிறு நகரங்களில் இருப்பவை. 1915இல் அத்திவாரம் போட்டவர் என்ற உரிமை யார் கணக்கிலும் வரவில்லை.

கைவிடப்பட்ட அந்த இரண்டும் 2024இல் என்ன செய்தன தெரியுமா? அயலிலிருந்த 'மவுண்டன் வெஸ்ட்' கூட்டமைப்பிலிருந்து ஐந்து பல்கலைக்கழகங்களைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டன!

நாமும் யாரைச் சேர்ப்பது என்று பேசக் கூடுகிறோம். அங்கே முதலில் கேட்கப்படும் கேள்வி எது என்று கவனிப்போம். வெளியே நிற்கப்போகும் பிள்ளை யார் என்பது அதிலேயே முடிவாகிவிடுகிறது.