கூரைக்கு முன் படியைப் பார்ப்போம்

கொழும்புத்துறையில் எமது கழகத்துக்குப் பார்வையாளர் அரங்கு கட்டும் பேச்சு மறுபடி சூடு பிடித்திருக்கிறது. இரண்டு வரைபடங்கள் கையில் இருக்கின்றன. ஒன்று இரும்புத் தூண், தகரக் கூரை, பலகை இருக்கை. மற்றது மண்ணை உயர்த்தி அதன்மேல் கொங்கிறீற் படி. முதலாவதுதான் பார்க்க வடிவு, பலரும் அதன் பக்கம். கை உயர்த்துவதற்கு முன் நாம் சில பழைய கதைகளை அறிந்துகொள்வது நல்லது.

1902 ஏப்ரல் 5. கிளாஸ்கோவின் ஐப்ரொக்ஸ் மைதானத்தில் ஸ்கொட்லாந்தும் இங்கிலாந்தும் மோதுகின்றன. இரும்புச் சட்டங்களின் மேல் பலகை அடித்த உயரமான புது அரங்கு. சனம் நெருக்க, பலகை முறிந்து நூற்றுக்கணக்கானோர் கீழே விழுந்தார்கள். 25 பேர் இறந்தார்கள். மரம் கொடுத்தவர் மீது வழக்குப் போட்டார்கள், அவர் விடுதலையானார். அரங்கை வடிவமைத்த பொறியியலாளர் ஆர்ச்சிபால்ட் லீச், பின்னாளில் பிரித்தானியாவின் பல பெரிய கழகங்களுக்கு அரங்கு கட்டியவர். ஆனால் அந்த விபத்துக்குப் பிறகு, நின்று பார்ப்போருக்கான படிகளை மண்மேட்டின் மேல் கட்டும் வழக்கமே வலுத்தது. அதாவது எங்கள் இரண்டாவது வரைபடம்!

அடுத்தது பிராட்போர்ட், 1985 மே 11. கழகம் சம்பியன் கிண்ணம் வாங்கிய அதே நாள். பழைய மர அரங்கின் பலகை இடைவெளிகளால் விழுந்த கடதாசியும் குப்பையும் வருடக்கணக்காகக் கீழே சேர்ந்து கிடந்தன. அகற்றச் சொல்லி ஏற்கெனவே எச்சரித்தும் இருந்தார்கள். அந்தக் குப்பையில் பிடித்த தீ, தார்த்தாள் வேய்ந்த கூரைக்குத் தாவி, சில நிமிடங்களில் அரங்கையே விழுங்கியது. 56 பேர் மாண்டார்கள். பின்பக்க வாசல்களுக்கு ஓடியவர்கள் பூட்டிய கதவுகளில் சிக்கினார்கள். முன்னால் மைதானத்துக்குள் குதித்தவர்கள் தப்பினார்கள், ஏனென்றால் அங்கே உயரமான வேலி இல்லை. நான்கு வருடம் கழித்து, 1989 ஏப்ரல் 15இல் ஹில்ஸ்பரோவில் வேலி இருந்தது. அந்த நெரிசல் 97 உயிர்களைக் கொண்டுபோனது.

இவை வெள்ளைக்காரன் நாட்டுக் கதைகள், எங்களுக்கு என்ன என்று கேட்கலாம். கடலுக்கு அந்தப் பக்கம் கேரளாவைப் பாருங்கள். 2020 ஜனவரியில் பாலக்காட்டில், மறைந்த வீரர் தனராஜனின் நினைவு ஆட்டத்துக்காகப் போட்ட தற்காலிக கலரி ஆட்டம் தொடங்குமுன்னே சரிந்து பலர் காயப்பட்டார்கள். 2022 மார்ச்சில் மலப்புறம் மாவட்டத்தில், எழுவர் ஆட்டத்தின் இறுதிப்போட்டியில் இன்னொரு கலரி விழுந்து நூற்றுக்கு மேற்பட்டோர் காயப்பட்டார்கள். எங்கள் ஊர் இறுதியாட்டக் கூட்டம் அதைவிட அடக்கமானதா? 1990க்கு முன் சோனகத் தெருவிலிருந்து சைக்கிளில் பாசையூருக்கு ஆட்டம் பார்க்கப் போன நாங்கள், மதிலிலும் மரத்திலும் ஏறி நின்றவர்கள்தான்.

யாழ்ப்பாணத்திலேயே துரையப்பா விளையாட்டரங்கு இருக்கிறது. நீண்டகாலம் பாழடைந்து கிடந்து, இந்திய உதவியில் புனரமைக்கப்பட்டு 2016 ஜூன் 18இல் திறக்கப்பட்டது. 1,850 இருக்கைகள், ஏறக்குறைய 7 கோடி இந்திய ரூபாய். அந்தக் கணக்கை ஒரு சின்னக் கழகம் கனவிலும் காணவேண்டாம். எங்களுக்கு இருநூறு பேர் பத்திரமாக இருந்தால் போதும்.

இப்போது எங்கள் நிலம். கொழும்புத்துறையில் கடனீரேரிக் காற்று உப்புக் காற்று. கல்வனைஸ் பைப் என்றாலும் வெல்டிங் செய்த மூட்டில் முதலில் துரு பிடிக்கும், வெளியில் பெயின்ற் பளபளக்க உள்ளே தின்றுகொண்டிருக்கும். பலகைக்குக் கரையான். மண்மேட்டுக்கும் தொல்லை உண்டு: கார்த்திகை, மார்கழி மழையில் கரையாமலிருக்க பக்கங்களில் தாங்குசுவரும் நீர் வடிய வாய்க்காலும் வேண்டும். செலவு அங்கேதான் ஏறும். ஆனாலும் நாம் அதன் பக்கம்தான். கீழே வெற்றிடம் இல்லை, குப்பை சேராது, உடைந்தால் ஊர் மேசனே திருத்துவார்.

இன்னுமொன்று, இரண்டு படங்களிலும் பிழை. அரங்கை வீதியோரம் என்று கிழக்குப் பக்கத்தில் வரைந்திருக்கிறார்கள். எங்கள் ஆட்டங்கள் பின்னேரம் நாலு மணிக்கு. அங்கே இருந்தால் வெயில் நேரே கண்ணில் குத்தும். மேற்கில் வைத்தால் முதுகில் விழும், கூரைகூடப் பிறகு போடலாம். ஊன்றுகோலோடு வருபவர்களுக்கு ஒரு சாய்தளமும் வேண்டும். போர் முடிந்த ஊரில் அதை யாரும் நினைவூட்டியிருக்கத் தேவையில்லை.

வாக்கெடுப்பை ஒரு கிழமை தள்ளி, அதற்குள் ஒரு சிவில் பொறியியலாளரைக் கூட்டிவந்து மண்ணைக் காட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். எங்கள் பழைய மாணவர் ஒருவர் காசு வாங்காமல் வர ஒத்துக்கொண்டிருக்கிறார். சனிக்கிழமை காலை மைதானத்துக்கு வாருங்கள்.