கயிற்றின் மறுமுனை

1899 மார்ச் 17, பிற்பகல். நியூயார்க் நகரின் ஃபிஃப்த் அவென்யூவில் புனித பேட்ரிக் திருநாள் ஊர்வலம் சென்றுகொண்டிருந்தது. வேடிக்கை பார்க்கத் திரண்டிருந்த கூட்டத்தின் கண்முன்னே, ஏழு மாடி கொண்ட விண்ட்சர் விடுதி தீப்பற்றியது. விடுதி அறைகளில் கயிறுகள் வைக்கப்பட்டிருந்தன. தீ மூண்டால் அதைச் சன்னல் வழியே வீசி, பற்றிக்கொண்டு இறங்கவேண்டும் என்பது ஏற்பாடு. பலர் அவ்வாறே இறங்க முற்பட்டனர். அவர்களைக் கைவிட்டது கயிறன்று, அவர்களுடைய உள்ளங்கைகளே. உராய்வில் தோல் வெந்து, வலி பொறுக்காமல் பாதி வழியில் பிடியை விட்டவர்கள் தெருவில் விழுந்தனர்.

அந்தக் கயிறு அறைக்குள் எப்படி வந்தது என்பதில்தான் இந்த வரலாறு தொடங்குகிறது. 1883 ஜனவரி 10 அன்று மில்வாக்கி நகரின் நியூஹால் விடுதி எரிந்து எழுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதையடுத்த ஆண்டுகளில் மாசசூசெட்ஸ், நியூயார்க் உள்ளிட்ட அமெரிக்க மாநிலங்கள் விடுதிகளின் மேல்தள அறைகளில் தப்பிக்கும் கயிறு வைக்கவேண்டும் எனச் சட்டமியற்றின. பொதுமக்களின் சினத்துக்கு விடை சொல்லவேண்டிய அரசுக்கும், செலவைக் குறைக்க விரும்பிய உரிமையாளருக்கும் கயிறு ஒருங்கே உகந்த தீர்வாக அமைந்தது. இன்னொரு படிக்கட்டைக் கட்டினால் ஒவ்வொரு தளத்திலும் வாடகைக்கு விடக்கூடிய இடம் குறையும். கயிறோ ஒரு கொக்கியில் தொங்கும். சுவரில் கொக்கியை அறைந்ததும் உரிமையாளரின் கடமை முடிந்துவிடும். அதற்குப் பிறகு நிகழ்வதெல்லாம் கயிற்றைப் பற்றுபவரின் வலிமையையும் துணிவையும் பொறுத்தது.

வலிமை எவ்வளவு வேண்டும் என்பதைப் பள்ளி இயற்பியலே சொல்லிவிடும். 60 கிலோ எடையுள்ள ஒருவர் 20 மீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு வரும்போது இழக்கும் நிலையாற்றல் ஏறத்தாழ 12,000 ஜூல். வெறுங்கையால் கயிற்றைப் பற்றிச் சறுக்கினால் அந்த ஆற்றலில் பெரும்பகுதி உள்ளங்கைக்கும் கயிற்றுக்கும் இடையே வெப்பமாக மாறும். சுமார் 35 மில்லி லிட்டர் தண்ணீரை அறை வெப்பநிலையிலிருந்து கொதிக்கவைக்கப் போதுமான வெப்பம் அது. சில நொடிகளுக்குள் அதை மனிதத் தோல் ஏற்கவேண்டும். கயிற்றில் முடிச்சுகள் இட்டால் சறுக்கல் குறையும். ஆனால் முழு உடலையும் கைகளால் தாங்கி ஒவ்வொரு முடிச்சாக இறங்கவேண்டும். முதியவர், குழந்தையைச் சுமந்த தாய், நீண்ட உடையணிந்த பெண், புகையால் மூச்சுத் திணறியவர் ஆகிய எவரும் அச்சட்டத்தை எழுதியோரின் மனக்கண்ணில் இருந்ததாகத் தெரியவில்லை.

இந்தக் குறையைப் புதுப்புனைவாளர்கள் உணராமல் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தில் தீத்தப்புக் கருவிகள் வந்து குவிந்தன. கயிற்றை அழுத்திப் பிடிக்கும் தடைகள், சன்னலில் மாட்டும் கப்பிகள், இடுப்பில் கட்டும் கச்சைகள் எனப் பலவகை. 1879இல் பெஞ்சமின் ஓப்பன்ஹைமர் என்பவர் பெற்ற காப்புரிமை, தலையில் கட்டிக்கொள்ளும் ஒரு வான்குடைக்கும், தரையில் மோதும் அதிர்ச்சியைத் தாங்கத் தடித்த அடிப்பாகம் கொண்ட காலணிக்கும் உரியது. இன்று அது நகைப்பூட்டலாம். ஆனால் அதன் அடிப்படைக் கருத்து கயிற்றுச் சட்டத்தின் கருத்தேதான்: கட்டடம் இருந்தபடியே இருக்கும், தப்பிக்கும் பொறுப்பைத் தனிமனிதன் தன் உடலில் கட்டிக்கொள்ளவேண்டும். 1887இல் அன்னா கானலி பெற்ற காப்புரிமை வேறு திசையில் சிந்தித்தது. ஒரு கட்டடத்தின் கூரையிலிருந்து அடுத்த கட்டடத்தின் கூரைக்குப் பலர் கடந்து செல்ல, கைப்பிடிகளுடன் கூடிய இரும்புப் பாலம் அது.

இவ்விரு சிந்தனைகளுக்கும் இடையே உள்ள தொலைவை 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கில் நிகழ்ந்த டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலைத் தீ விபத்து காட்டியது. பத்து மாடிக் கட்டடத்தின் 8, 9, 10ஆம் தளங்களில் ஆலை இயங்கியது. 146 பேர் இறந்தனர். அவர்களில் 123 பேர் பெண்கள், பெரும்பாலோர் குடிபெயர்ந்து வந்த இளம் தொழிலாளர்கள். ஒன்பதாம் தளத்தில் ஒரு கதவு பூட்டப்பட்டிருந்தது. வெளிப்புற இரும்புப் படிக்கட்டு பாரம் தாங்காமல் சரிந்தது. தீயணைப்பு ஏணிகள் ஆறாம் தளத்துக்கு மேல் எட்டவில்லை. குதித்தவர்களை ஏந்த விரித்த வலைகள் கிழிந்தன. அதே நேரத்தில் பத்தாம் தளத்தில் இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கூரைக்கு ஏறினர். அடுத்திருந்த நியூயார்க் பல்கலைக்கழகக் கட்டடத்தின் சட்ட மாணவர்களும் அவர்களுடைய பேராசிரியரும் ஏணிகளை இறக்கி அவர்களைக் கரையேற்றினர். கானலி வரைந்த பாலம் அங்கே இல்லை. அதன் வேலையை அன்று மாணவர்களின் ஏணி செய்தது.

டிரையாங்கிள் விபத்துக்குப் பிறகு கேள்வியே மாறிவிட்டது. உள்ளே இருப்பவர் எதைக் கொண்டு தப்புவார் என்று கேட்ட இடத்தில், கட்டடம் எத்தனை பேரை எத்தனை வழிகளில் வெளியேற்றும் என்று கேட்கலாயினர். நியூயார்க் மாநிலம் தொழிற்சாலை விசாரணை ஆணையத்தை அமைத்தது. தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் 1927இல் கட்டட வெளியேறுவழி விதித்தொகுப்பை வெளியிட்டது. கதவு எத்திசையில் திறக்கவேண்டும், படிக்கட்டு எவ்வளவு அகலம் வேண்டும், புகை புகாமல் அதை எப்படி மூடவேண்டும் என்பவை சட்டத்தின் மொழியாயின. அந்த மொழி எட்டாத இடங்களில் கயிறு மீண்டும் தலைகாட்டியது. அட்லாண்டாவின் வைன்காஃப் விடுதி தீப்பற்றாத கட்டடம் என விளம்பரப்படுத்தப்பட்டது. 15 மாடிகளுக்கு ஒரே படிக்கட்டு. தானியங்கி நீர்த்தெளிப்பான்கள் இல்லை. 1946 டிசம்பர் 7 அதிகாலையில் அது எரிந்தபோது விருந்தினர்கள் படுக்கை விரிப்புகளை முடிச்சிட்டுக் கயிறாக்கி இறங்க முயன்றனர். 119 பேர் இறந்தனர்.

ஆசியாவில் இவ்வரலாறு வேறு வழியில் சென்றது. 1932 டிசம்பர் 16 அன்று டோக்கியோவின் ஷிரோகியா பல்பொருள் அங்காடியில் தீ மூண்டு 14 பேர் இறந்தனர். ஊழியர்கள் துணிகளையும் கயிறுகளையும் இணைத்து மேல்தளங்களிலிருந்து இறங்கினர்; சிலர் விழுந்து மாண்டனர். பின்னாளில் இந்நிகழ்வைப் பற்றி ஒரு கதை வேரூன்றியது: கிமோனோ அணிந்த பெண்கள், காற்றில் உடை விலகியதால் நாணி, அதைப் பிடிக்கக் கையை விட்டு விழுந்தனர் என்பதே அது. வரலாற்றாய்வாளர் இனோவே ஷோயிச்சி 2002இல் வெளியிட்ட நூலில் இக்கதைக்கு உறுதியான சான்றில்லை என்று விரிவாக வாதிட்டார். கதை ஏன் இவ்வளவு எளிதாக ஏற்கப்பட்டது என்பது தனியே எண்ணத்தக்கது. கயிற்றில் இறங்குவது தனியொருவரின் திறமை என்று கொண்டால், விழுவதும் அவருடைய குறையாகிவிடும். உள்ளங்கையின் வெப்பமும், பிணைத்த துணியின் வலிமையும், வெளியேறும் வழியின் போதாமையும் பேச்சிலிருந்து மறைந்து, இறந்தவரின் நாணம் மட்டும் எஞ்சும்.

ஜப்பானின் தீப் பாதுகாப்புச் சட்டங்கள் கயிற்றை ஒதுக்கவில்லை, அதைப் பொறியாக்கின. ஜப்பானியத்தில் இதன் பெயர் ‘கன்கோகி’; கொரிய மொழியில் ‘வான்காங்கி’. இரண்டும் ஒரே மூன்று சீன எழுத்துகளின் இருவேறு ஒலிப்புகள்: மெதுவான, இறக்கம், பொறி. இதன் அமைப்பு நம் ஊர்க் கிணற்றில் இரட்டை வாளி கட்டிய கப்பியைப் போன்றது. கயிற்றின் இரு முனைகளிலும் கச்சை இருக்கும். ஒருவர் கச்சையை அக்குளுக்குக் கீழே மாட்டிக்கொண்டு இறங்கும்போது மறுமுனையின் கச்சை மேலேறி அடுத்தவருக்காக வந்து நிற்கும். கப்பியின் கூட்டுக்குள் உள்ள தடை, இறங்குபவரின் எடைக்கேற்பத் தானாகவே வேகத்தைக் கட்டுப்படுத்தும். ஜப்பானியத் தர விதிப்படி இறங்கு வேகம் நொடிக்கு 16 முதல் 150 சென்டிமீட்டருக்குள் இருக்கவேண்டும். விண்ட்சரில் உள்ளங்கை ஏற்ற வெப்பத்தை இங்கே உலோகம் ஏற்கிறது. சுவரில் பதித்த பிடிமானம், கருவி, அது இருக்கும் இடத்தைக் காட்டும் பலகை ஆகியவை கட்டடத்தின் உறுப்புகள். அவற்றைப் பராமரிப்பது உரிமையாளரின் கடமை. இரு நாடுகளிலும் பத்தாம் தளத்துக்கு மேல் இத்தகைய கருவிகள் கட்டாயமில்லை. அந்த உயரத்தில் பாதுகாப்பான படிக்கட்டையும் நீர்த்தெளிப்பானையும்தான் சட்டம் நம்புகிறது.

கருவி இருப்பது மட்டுமே போதுமா என்ற கேள்விக்கு 1972 மே 13 அன்று ஒசாகாவில் கொடிய விடை கிடைத்தது. சென்னிச்சி அங்காடிக் கட்டடத்தின் மூன்றாம் தளத்தில் மூண்ட தீயின் புகை, ஏழாம் தளத்தில் இருந்த கேளிக்கை விடுதியைச் சூழ்ந்தது. அங்கே மீட்புப் பை எனப்படும் நீண்ட துணிக்குழாய் இருந்தது. அதைக் கீழே இறக்கவும் செய்தனர். ஆனால் அதன் வாயைத் திறந்து நிறுத்தும் முறை அங்கிருந்தோருக்குத் தெரியவில்லை. உள்ளே நுழைந்து சறுக்கவேண்டிய குழாயின் வெளிப்புறத்தைப் பற்றிக்கொண்டு இறங்க முயன்றவர்கள் விழுந்து இறந்தனர். அவ்விபத்தில் மாண்டோர் 118 பேர். கன்கோகிக்கும் இது பொருந்தும். இறங்கும்போது கைகளைத் தாழ்த்திச் சுவரைத் தொட்டவாறு வரவேண்டும். அச்சத்தில் இயல்பாகவே கைகளை உயர்த்தினால் கச்சையிலிருந்து உடல் நழுவக்கூடும். உடலின் இயல்பூக்கத்துக்கு எதிரான இச்செயலைச் சுவரில் ஒட்டிய படம் கற்பித்துவிடாது. 2024 ஆகஸ்ட் 22 அன்று கொரியாவின் புச்சோன் நகர விடுதித் தீயில் 7 பேர் இறந்தபோது, அவர்களில் இருவர் தீயணைப்பினர் விரித்த காற்று மெத்தையின்மேல் குதித்து இறந்தவர்கள். வான்காங்கியைப் பயன்படுத்த எத்தனை பேருக்குத் தெரியும் என்ற கேள்வி அதன்பின் அங்கே பொதுவிவாதம் ஆயிற்று.

பயிற்சி பெற்றவர்களுக்கே கயிறு மறுக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதை நியூயார்க் தீயணைப்புத் துறையின் வரலாறு சொல்கிறது. 1990களில் வீரர்களுக்கு வழங்கப்பட்டிருந்த தனிநபர்க் கயிறுகளைத் துறை பின்னர் நிறுத்திவிட்டது. 2005 ஜனவரி 23 அன்று பிராங்ஸ் பகுதியில் எரிந்த குடியிருப்பொன்றின் நான்காம் தளத்தில் சிக்கிய ஆறு வீரர்கள் சன்னல் வழியே குதிக்க நேர்ந்தது. இருவர் இறந்தனர், நால்வர் படுகாயமுற்றனர். அன்று அவர்களிடையே இருந்த ஒரே கயிறு, ஒரு வீரர் தம் சொந்தப் பணத்தில் வாங்கி வைத்திருந்தது. அதன்பின் துறை, கயிறும் கொக்கியும் இறங்குகருவியும் இடுப்புக் கச்சையும் அடங்கிய தொகுதியை வழங்கிப் பயிற்சியும் அளித்தது.

2001 செப்டம்பர் 11க்குப் பிறகு அலுவலக ஊழியர்களைக் குறிவைத்து வான்குடைகளும் கயிற்றுச் சுருள் கருவிகளும் சந்தைக்கு வந்தன. அவற்றின் நுட்பம் 19ஆம் நூற்றாண்டை விட எவ்வளவோ மேம்பட்டது. எனினும் பழைய வினாக்கள் அப்படியே இருந்தன. திறக்காத கண்ணாடிச் சுவரில் சன்னல் எங்கே? கொக்கியை எதில் மாட்டுவது? ஒரே முகப்பில் ஐம்பது பேர் இறங்கினால் கீழ்த்தளச் சன்னலின் தீ நாக்கு யாரைத் தீண்டும்?

இந்தியாவில் இக்கேள்விகள் இன்னும் கூர்மையானவை. 2016ஆம் ஆண்டுத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு 15 மீட்டரும் அதற்கு மேலும் உயர்ந்தவற்றை உயர்கட்டடம் என வரையறுத்து, வெளியேறும் வழிகளை விரிவாக வகுக்கிறது. ஆனால் மாநிலங்களும் உள்ளாட்சிகளும் தம் விதிகளில் ஏற்றால்தான் அது கட்டாயமாகும். கொல்கத்தாவின் ஸ்டீஃபன் கோர்ட் 2010இல் எரிந்தபோது 43 பேர் இறந்தனர். சூரத்தின் தக்ஷசிலா வணிக வளாகத்தில் 2019 மே 24 அன்று 22 பேர் இறந்தனர். பயிற்சி வகுப்புக்கு வந்த மாணவர்கள் மேலிருந்து குதித்ததை நாடே கண்டது. 2022 மே 13 அன்று தில்லி முண்ட்காவில் 27 பேர் மாண்ட தீயில், சிலர் கயிற்றைப் பற்றி இறங்கித் தப்பினர். 2023 ஜூன் 15 அன்று தில்லி முகர்ஜி நகரின் பயிற்சி மையக் கட்டடத்திலிருந்து மாணவர்கள் கயிறுகளையும் கம்பிவடங்களையும் பற்றி இறங்கினர். பலர் காயமுற்றனர், உயிரிழப்பு இல்லை. தில்லி உயர் நீதிமன்றம் தானே முன்வந்து அவ்வழக்கை எடுத்துக்கொண்டது.

முகர்ஜி நகர்க் காட்சிகளை மாணவர்களின் துணிவுக்குச் சான்றாகக் காண்பது எளிது. 1899இன் கைகளோடு ஒப்பிட்டால் அவை வேறொன்றையும் சொல்லும்: 124 ஆண்டுகள் கழித்தும், தேர்வுக்குப் படிக்க வந்த இளைஞர்களின் உள்ளங்கைகள் ஒரு படிக்கட்டின் வேலையைச் செய்தன. நம் விடுதிகளிலும் பயிற்சி மையங்களிலும் திருடருக்கு அஞ்சிப் பற்றவைத்த சன்னல் கம்பிகள் அந்த வாய்ப்பையும் அடைத்துவிடுகின்றன. அத்தகைய அறைக்குள் உலகின் மிகச் சிறந்த இறங்குகருவியை வைத்தாலும் பயனில்லை.

கயிறு பயனற்றது என்பது இவ்வரலாற்றின் முடிவாகாது. முண்ட்காவில் அது உயிர்களைக் காத்தது. கிழக்காசியச் சட்டங்கள் அதற்கு வரையறுத்த இடத்தைத் தந்துள்ளன. தீயணைப்பு வீரருக்கு அது இன்றியமையாதது. அது பயன்பட்ட இடங்களில் எல்லாம் ஒரு முனையை மனிதர் பற்றியிருக்க, மறுமுனையை வேறொன்று தாங்கியது: சுவரில் பதித்த பிடிமானம், அதைச் சோதிக்கும் அலுவலர், ஆண்டுதோறும் நடக்கும் பயிற்சி, இவற்றுக்கு மேலாகத் திறந்திருக்கும் படிக்கட்டு. உயர்ந்த கட்டடத்தில் வகுப்புக்கோ விடுதிக்கோ மகனையும் மகளையும் அனுப்புவோர் கேட்கவேண்டிய கேள்விகள் எளியவை. இரண்டாவது படிக்கட்டு எங்கே? அதன் கதவு இப்போது பூட்டப்பட்டிருக்கிறதா? சன்னல் கம்பி உள்ளிருந்து திறக்குமா? இவற்றுக்கு விடை கிடைத்த பிறகு கயிற்றைப் பற்றிப் பேசலாம்.