உணவுக்குழாய்க் கோளாறுகளும் அமில எதுக்களிப்பும்

இரைப்பையிலுள்ள அமிலம் உணவுக்குழாய்க்குள் மேலேறி வருவதே அமில எதுக்களிப்பு. வயிறு நிறையச் சாப்பிட்டபின் எப்போதாவது இது எல்லோருக்கும் நேரும். அடிக்கடி நேர்ந்து தொல்லையோ புண்ணோ உண்டாக்கும்போது அதை நோயாகக் கருதுகிறார்கள். நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும் இதன் முதன்மை அறிகுறிகள். உணவுக்குழாயில் உள்ள கோளாறு எதுக்களிப்புக்கு வழிவிடும். மேலேறிய அமிலமோ உணவுக்குழாயின் அமைப்பையே மாற்றிவிடும்.

உணவுக்குழாய் ஏறத்தாழ 25 செ.மீ. நீளமுள்ள தசைக்குழாய். அதன் கீழ்முனையில் உள்ள சுருக்குத்தசை, விழுங்கும்போது மட்டும் தளர்ந்து மற்ற நேரங்களில் மூடியிருக்க வேண்டும். உதரவிதானத்தின் தசைநார்களும் அதே இடத்தைச் சுற்றி இறுக்குகின்றன. இரைப்பையின் மேற்பகுதி உதரவிதானத் துளை வழியே மார்புக்குள் ஏறிவிட்டால், அதாவது ஹயாட்டல் ஹெர்னியா ஏற்பட்டால், ஒரே இடத்தில் சேர்ந்து இயங்கிய இவ்விரண்டும் பிரிந்து தடுப்பு வலுவிழக்கிறது. ஆனால் ஹெர்னியா உள்ள எல்லோருக்கும் எதுக்களிப்பு வருவதில்லை. ஸ்கேனில் தெரிந்தது என்பதற்காகவே பதற வேண்டியதில்லை.

திசுக்கள் இறுகிப்போகும் ஸ்கிளீரோடெர்மா நோயில் உணவுக்குழாயின் தசை நலிந்து, ஏறிய அமிலத்தைத் திரும்பக் கீழே தள்ளும் அலையசைவும் குன்றுகிறது. உணவுக்குழாய் முழுமையாக உருவாகாமல் பிறந்து அறுவை சிகிச்சை பெற்ற குழந்தைகளிடமும் எதுக்களிப்பு மிகுதி. அக்கலேசியாவில் நிலைமை நேர்மாறு: சுருக்குத்தசை தளரவே மறுக்கிறது. அதைச் சரிசெய்யத் தசையை வெட்டிவிட்டபின் எதுக்களிப்பு தொடங்குவதுண்டு.

அமிலம் விளைவிக்கும் மாற்றங்களில் முதலாவது அழற்சி. புண் ஆறி ஆறித் தழும்பேறினால் குழாய் குறுகி, திட உணவு சிக்கிக்கொள்ளும். இன்னொன்று பாரெட் உணவுக்குழாய்: இயல்பான தட்டைச் செல் படலம் மறைந்து, குடலின் உட்சுவரை ஒத்த தூண்வடிவச் செல்கள் அங்கே வளர்கின்றன. இதன் வரலாறு அறியத்தக்கது. ஆஸ்திரேலியாவில் பிறந்து லண்டனில் பணியாற்றிய அறுவை மருத்துவர் நார்மன் பாரெட், 1950இல் இத்தகைய படலமுள்ள பகுதி உணவுக்குழாயே அல்ல, பிறவியிலேயே குட்டையான உணவுக்குழாயால் மேலே இழுக்கப்பட்ட இரைப்பை என்று எழுதினார். அது உணவுக்குழாய்தான் என்று 1953இல் ஃபிலிப் அலிசனும் ஆலன் ஜான்ஸ்டனும் சான்றுகளோடு காட்டினர். 1957இல் பாரெட் அதை ஏற்றுக்கொண்டார். பெயர் மட்டும் அவருடையதாகவே நிலைத்தது. பிறவிக் குறை என்ற எண்ணம் மறைய மேலும் காலம் பிடித்தது. 1970இல் வெளியான ஆய்வில், நாய்களின் உணவுக்குழாய்ப் படலத்தை நீக்கி எதுக்களிப்பை உண்டாக்கியபோது தூண்வடிவச் செல்கள் முளைத்தது தெரியவந்தது.

பாரெட் மாற்றம் அடினோகார்சினோமா என்னும் புற்றுநோய்க்கு இட்டுச்செல்லக்கூடும். பெரும்பாலோருக்கு அப்படி நேர்வதில்லை என்றாலும் எண்டோஸ்கோப்பிக் கண்காணிப்பு தேவை. இந்தியாவில் உணவுக்குழாய்ப் புற்றில் மிகுதியானது தட்டைச் செல் வகை. அதற்குப் புகையிலையும் மதுவும் முக்கியக் காரணங்கள்.

நோயை உறுதிசெய்ய எண்டோஸ்கோப்பி, 24 மணி நேர அமில அளவீடு, தசை அழுத்தச் சோதனை ஆகியவை உதவுகின்றன. ஒமெப்ரசோல் போன்ற மாத்திரைகள் அமிலச் சுரப்பைக் குறைத்துப் புண்ணை ஆற்றும். தளர்ந்த தடுப்பை இறுக்கா. அதற்கு, இரைப்பையின் மேற்பகுதியைக் குழாயைச் சுற்றிப் பொதியும் அறுவை முறையை ருடால்ஃப் நிசென் 1950களில் உருவாக்கினார்.

விழுங்கும்போது உணவு சிக்குதல், காரணமற்ற எடைக்குறைவு, இரத்த வாந்தி, கறுத்த மலம் இவற்றில் ஒன்று தோன்றினாலும் கடையில் மாத்திரை வாங்கிச் சமாளிக்காமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.