மின்னணு மருத்துவப் பதிவேடுகள் வழி மருத்துவச் சோதனைகளுக்கு நோயாளர்களைச் சேர்த்தல்

மின்னணு மருத்துவப் பதிவேடுகள் வழி நோயாளர்களைச் சேர்த்தல் என்பது, மருத்துவமனைக் கணினிகளில் சேமிக்கப்பட்டுள்ள நோயாளர் விவரங்களைத் தேடி, ஒரு மருத்துவச் சோதனைக்குப் பொருந்தக்கூடியவர்களைக் கண்டறிந்து, அவர்களைப் பங்கேற்க அழைக்கும் முறை ஆகும். மருத்துவச் சோதனை என்பது புதிய மருந்தோ சிகிச்சையோ பயனுள்ளதா, பாதுகாப்பானதா என்பதை மனிதர்களிடம் ஆராயும் முறைப்படியான ஆய்வைக் குறிக்கும். இது கிளினிக்கல் டிரையல் என்றும் அறியப்படுகிறது. இம்முறை 2000களின் தொடக்கம் முதல், குறிப்பாக ஐக்கிய அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும், வளர்ந்து வந்துள்ளது.

பின்னணி

ஒரு சோதனையின் முடிவு நம்பத்தக்கதாக இருக்க வேண்டுமெனில், அதில் போதிய எண்ணிக்கையிலான நோயாளர்கள் பங்கேற்க வேண்டும். எண்ணிக்கை குறைந்தால், மருந்தின் உண்மையான பயன் தற்செயல் வேறுபாடுகளுக்குள் மறைந்துவிடலாம். போதிய பங்கேற்பாளர் கிடைக்காமல் சோதனை பாதியில் நிறுத்தப்பட்டால், அதுவரை பங்கேற்றவர்கள் ஏற்ற சிரமமும் இடரும் பெரும்பாலும் பயனின்றிப் போகும்.

அமெரிக்க மருந்தியலாளர் லூயி லசாங்னா (1923–2003) இது குறித்துக் கூறிய கருத்து லசாங்னா விதி எனப்படுகிறது. சோதனை தொடங்கும்வரை ஏராளமாக இருப்பதாகத் தோன்றும் நோயாளர்கள், தொடங்கியவுடன் காணாமற் போகின்றனர் என்பதே அதன் சாரம். தம்மிடம் வரும் நோயாளர்களுள் எத்தனை பேர் எல்லா விதிகளுக்கும் பொருந்துவர், எத்தனை பேர் சம்மதிப்பர் என்பதை மருத்துவர்கள் மிகையாக மதிப்பிடுவதால் இது நேர்கிறது.

முன்னர் பங்கேற்பாளரைத் தேடுவதற்கு விளம்பரங்கள், மருத்துவர்களின் நினைவாற்றல், காகிதக் கோப்புகளை ஒவ்வொன்றாகப் புரட்டுதல் ஆகியவையே வழிகளாக இருந்தன. பதிவேடுகள் கணினிக்கு மாறியபோது, அதே தேடலைக் கணினியிடம் ஒப்படைக்க இயலும் என்ற நிலை உருவானது. அமெரிக்காவில் 2008இல் பத்தில் ஒரு மருத்துவமனைக்கும் குறைவாகவே அடிப்படையான மின்னணுப் பதிவேட்டைக் கொண்டிருந்தது. பதிவேடுகளை மாற்றுவதற்கு நிதி ஊக்கம் அளித்த 2009ஆம் ஆண்டின் ஹைடெக் சட்டத்துக்குப் பின்னர் இந்நிலை விரைவாக மாறியது.

செயற்படும் முறை

ஒவ்வொரு சோதனைக்கும் சேர்ப்பு விதிகளும் விலக்கு விதிகளும் உண்டு. எடுத்துக்காட்டாக, "40 வயதுக்கு மேற்பட்ட, இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்" என்பது சேர்ப்பு விதி. "சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர் கூடாது" என்பது விலக்கு விதி. இவை பின்வரும் படிநிலைகளில் பயன்படுத்தப்படுகின்றன:

1. விதிகளைக் கணினிக்குப் புரியும் வினவல்களாக மாற்றுதல். நோய்ப் பெயர்களுக்குப் பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் குறியீடுகளும், ஆய்வகச் சோதனைகளுக்கு லாயிங்க் குறியீடுகளும் பயன்படுகின்றன.
2. பொருந்தக்கூடியவர்களின் எண்ணிக்கையை மட்டும் அறிதல். இந்நிலையில் பெயர்கள் தேவையில்லை. எண்ணிக்கை மிகக் குறைவாயின், சோதனை தொடங்கும் முன்னரே விதிகளைத் திருத்தலாம்.
3. உரிய அனுமதியுடன் பெயர்ப் பட்டியலைப் பெறுதல், அல்லது நோயாளர் வரும்போது மருத்துவரின் திரையில் அறிவிப்பு தோன்றச் செய்தல்.
4. ஆய்வுக் குழுவினர் பதிவேட்டை நேரில் படித்துப் பொருத்தத்தை உறுதி செய்தல்.
5. நோயாளரிடம் சோதனையை விளக்கி, ஒப்புதல் பெறுதல்.

முதல் மூன்று படிநிலைகளைக் கணினி பெருமளவு எளிதாக்குகிறது. இறுதி இரண்டும் பெரும்பாலும் மனிதர் செய்யும் பணிகளாகவே உள்ளன.

பாஸ்டன் நகரில் 2004இல் தொடங்கப்பட்ட ஐ2பி2 என்னும் திறந்த மூல மென்பொருள், இரண்டாம் படிநிலைக்குப் பரவலாகப் பயன்பட்டது. ஐரோப்பாவில் பல நாடுகளின் மருத்துவமனைகளில் இத்தகைய தேடலை இயலச் செய்வதற்கு ஈஎச்ஆர்4சிஆர் என்னும் திட்டம் 2011 முதல் 2016 வரை நடைபெற்றது.

எடுத்துக்காட்டுகள்

கிளீவ்லாந்து ஆய்வு

பீட்டர் எம்பி தலைமையிலான குழு அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில் நடத்திய ஆய்வு 2005இல் வெளியானது. நீரிழிவு தொடர்பான ஒரு சோதனைக்குப் பொருந்தக்கூடிய நோயாளரின் பதிவேட்டை மருத்துவர் திறக்கும்போது, திரையில் ஓர் அறிவிப்பு தோன்றியது. இதன் விளைவாக, மாதத்துக்குச் சராசரியாக 5.7 ஆக இருந்த பரிந்துரைகள் 59.5 ஆக உயர்ந்தன. உண்மையில் சோதனையில் சேர்ந்தவர்கள் மாதத்துக்கு 2.9 இலிருந்து 6.0 ஆக உயர்ந்தனர். பரிந்துரை பத்து மடங்கானபோது சேர்க்கை இரு மடங்கே ஆனது என்பது குறிப்பிடத்தக்கது. பொருந்துபவர் எனக் கணினி காட்டும் ஒருவருக்கும் உண்மையில் பங்கேற்கும் ஒருவருக்கும் இடையேயான இடைவெளியை இது காட்டுகிறது.

அடாப்டபிள் சோதனை

இதய நோயாளர்களுக்கு 81 மில்லிகிராம், 325 மில்லிகிராம் ஆகிய இரு ஆசுப்பிரின் அளவுகளுள் எது சிறந்தது என்பதை ஆராய இச்சோதனை அமெரிக்காவில் நடத்தப்பட்டது. பொருந்தக்கூடியவர்கள் மின்னணுப் பதிவேடுகளில் தேடிக் கண்டறியப்பட்டு, கடிதம், மின்னஞ்சல் முதலியவற்றால் அழைக்கப்பட்டனர். ஒப்புதல் அளித்தலும் தொடர் விசாரணையும் பெரும்பாலும் இணையம் வழியே நடைபெற்றன. மருத்துவமனைச் சேர்க்கை போன்ற விவரங்களும் பதிவேடுகளிலிருந்தே திரட்டப்பட்டன. 4 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அணுகப்பட்டு, 15,076 பேர் சேர்ந்தனர். 2021இல் வெளியான முடிவுகளின்படி, இரு அளவுகளுக்கும் இடையே இறப்பிலோ, மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றுக்கான மருத்துவமனைச் சேர்க்கையிலோ, பெரும் குருதிப்போக்கிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

மிகப் பெரிய எண்ணிக்கையிலானோரைக் குறைந்த செலவில் அணுக இயலும் என்பதை இச்சோதனை காட்டியது. எனினும் பங்கேற்றவர்களுள் பெண்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இருந்தனர்.

சிக்கல்கள்

பதிவேட்டின் தரம்: மின்னணுப் பதிவேடு ஆய்வுக்காக உருவாக்கப்பட்டதன்று. சிகிச்சைக்காகவும், அமெரிக்கா போன்ற நாடுகளில் கட்டணம் கோருவதற்காகவும் அது எழுதப்படுகிறது. ஒரு நோய் உள்ளதா எனச் சோதிப்பதற்காக இடப்பட்ட குறியீடு, அந்நோய் உள்ளதாகவே பொருள் தரக்கூடும். மேலும், புகைப்பழக்கம், நோயின் தீவிரம் போன்ற பல விவரங்கள் மருத்துவரின் குறிப்புகளில் உரைநடையாக உள்ளமையால், குறியீட்டுத் தேடலில் அகப்படுவதில்லை.

விடுபடுவோர்: அடிக்கடி மருத்துவமனைக்கு வருபவரின் பதிவேடு நிறைவாகவும், அரிதாக வருபவரின் பதிவேடு வெறுமையாகவும் இருக்கும். காப்பீடு இல்லாதவர், பல இடங்களில் மாறி மாறிச் சிகிச்சை பெறுபவர் ஆகியோர் தேடலில் எளிதில் விடுபடுகின்றனர். பதிவேட்டில் இல்லாதவர் சோதனையிலும் இடம்பெறுவதில்லை. ஆனால் சோதனையில் தேறிய மருந்து அவருக்கும் கொடுக்கப்படும். அவரிடத்தில் அது எவ்வாறு செயற்படும் என்பதற்கான சான்று குறைவாகவே இருக்கும்.

அறிவிப்புச் சலிப்பு: திரையில் தோன்றும் அறிவிப்புகள் மிகும்போது மருத்துவர்கள் அவற்றைப் புறக்கணிக்கத் தொடங்குகின்றனர். சோதனை அறிவிப்புகளுக்கு மருத்துவர்கள் அளிக்கும் மறுமொழி காலப்போக்கில் குறைவதை 2012இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

தனியுரிமையும் ஒப்புதலும்

நோயாளர் தம் விவரங்களை மருத்துவரிடம் கூறுவது சிகிச்சைக்காகவே. அவ்விவரங்களை வேறொருவர் தேடி, "உங்களுக்கு இந்நோய் இருப்பதால் அழைக்கிறோம்" என்று எழுதினால், அது நம்பிக்கை மீறலாகத் தோன்றக்கூடும். எனவே முன்பின் அறியாத ஆய்வாளரைவிட, சிகிச்சை அளிக்கும் மருத்துவர் வழியாகவே முதல் அழைப்பு செல்வது நன்று எனப் பலரும் கருதுகின்றனர். எனினும் தம் மருத்துவரே கேட்கும்போது மறுக்கத் தயங்கும் நோயாளர்களும் உண்டு. ஆகவே, மறுத்தாலும் சிகிச்சையில் மாற்றம் இராது என்பது தெளிவாகக் கூறப்பட வேண்டும்.

அமெரிக்காவில் ஹிப்பா சட்டத்தின் (1996) கீழ் அமைந்த தனியுரிமை விதி 2003இல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி, ஆய்வைத் திட்டமிடும் பொருட்டு ஆய்வாளர் பதிவேடுகளைப் பார்வையிடலாம். ஆனால் அடையாளம் காட்டும் விவரங்களை நிறுவனத்துக்கு வெளியே கொண்டு செல்ல இயலாது. நோயாளரின் முன் அனுமதியின்றி அவர்தம் விவரங்களைச் சேர்க்கைக்குப் பயன்படுத்த, பல சூழல்களில் நெறிமுறைக் குழுவோ தனியுரிமைக் குழுவோ விலக்களிக்க வேண்டும்.

பொதுமக்களின் நம்பிக்கை இன்றி இத்தகைய திட்டங்கள் நிலைப்பதில்லை. இங்கிலாந்தில் குடும்ப மருத்துவர்களின் பதிவேடுகளை ஒன்றுதிரட்ட முயன்ற கேர்.டேட்டா திட்டம், மக்களுக்குப் போதிய விளக்கம் அளிக்கப்படவில்லை என்ற எதிர்ப்பினால் தடைப்பட்டு, 2016இல் கைவிடப்பட்டது.

அண்மைக்கால வளர்ச்சிகள்

மருத்துவர் குறிப்புகளில் உள்ள உரைநடையைப் படிப்பதற்கு இயற்கை மொழி முறையாக்கம் பயன்படுத்தப்பட்டு வருகிறது. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட டிரையல்ஜிபிடி, பெரிய மொழி மாதிரிகளைக் கொண்டு நோயாளர் குறிப்புகளைச் சோதனை விதிகளுடன் ஒப்பிடுகிறது. ஒவ்வொரு விதிக்கும் பொருந்துவதன் அல்லது பொருந்தாததன் காரணத்தையும் அது எழுதிக் காட்டுவதால், மனிதர் அதைச் சரிபார்க்க இயலும். இவை தேடலின் துல்லியத்தை உயர்த்தக்கூடும். ஆயினும், எழுதப்படாத விவரத்தை எக்கருவியாலும் படிக்க இயலாது; பங்கேற்பதா என்ற முடிவும் நோயாளருடையதே.

இவற்றையும் பார்க்க

* மருத்துவச் சோதனை
* மின்னணு மருத்துவப் பதிவேடு
* அறிந்து அளிக்கும் ஒப்புதல்
* மருத்துவத் தகவலியல்
* தகவல் தனியுரிமை