கண்மாய்க் கரையும் ஓர் அணைதான்

மதுரையிலேர்ந்து திருமங்கலம் போற வழியில, கப்பலூர் டோல்கேட்ல வண்டி நிக்கும்போது யாரும் கண்மாயைப் பத்தி யோசிக்கிறதில்ல. ஃபாஸ்டேக்ல காசு இருக்கான்னுதான் யோசிப்போம். ஆனா இந்தச் சுத்துவட்டாரமே கண்மாய் பூமி. ரோட்டுலேர்ந்து பார்த்தா, பனைமரம் நிக்கிற ஒரு நீள மண்மேடு மாதிரித்தான் தெரியும். உண்மையில அது ஒரு மண் அணை.

அணைக்கு உண்டான எல்லாமே அதுல இருக்கு. தண்ணியைத் தடுக்கக் கரை. அலை அரிக்காம இருக்க, உள்பக்கம் பதிச்ச அலைகல். வயலுக்குத் தண்ணி விட மடை. பாண்டியர் காலத்துக் குமிழித்தூம்பை நீங்க பார்த்திருக்கலாம்: கண்மாய்க்கு உள்ளேயே ரெண்டு கல்தூண் நிக்கும், அடியில துளை போட்ட கல்தொட்டி இருக்கும். மேல் துளையில நீர் போகும், கீழ்த் துளையில சேறு போகும். ரெண்டும் கரைக்கு அடியில இருக்கிற கால்வாய் வழியா வெளியேறும்.

ஆனா பாதுகாப்புன்னு வந்தா முக்கியமானது கலிங்கு. கரையை விடத் தாழ்வா, கல்லால கட்டின வழிவிடுற சுவர். கல் மேல தண்ணி வழியலாம், தப்பில்ல. மண் மேல வழிஞ்சா, சில மணி நேரத்துல கரையே அறுந்துடும். பல கலிங்குகள் மேல வரிசையா குத்துக்கல் நட்டிருப்பாங்க. மழை முடியிற நேரத்துல அதுக்கு இடையில மண்ணும் பலகையும் வச்சு அடைச்சா இன்னும் கொஞ்சம் தண்ணி நிக்கும். விவசாயிக்கு லாபம். ஆனா அன்னிக்கு ராத்திரி எதிர்பாராம மழை கொட்டினா? யாராவது போய் அடைப்பைப் பிரிக்கணும்.

அந்த 'யாராவது' தான் இன்னைக்கு நம்ம கதை.

மண் கரை பெரும்பாலும் சின்னதாத்தான் கெட ஆரம்பிக்கும். ஒரு நண்டு வளை, ஒரு எலி வளை, பட்டுப்போன கருவேல மரத்தோட வேர் மக்கின ஓட்டை. வெளிப்பக்கம் கசியிற தண்ணி தெளிவா இருந்தா உடனே பயப்பட வேண்டாம். கலங்கலா வந்தா, கரை உள்ளேயிருந்து கரைஞ்சு போகுதுன்னு அர்த்தம். இதைப் பார்க்க மெஷின் தேவையில்ல. லாந்தரோட ஒருத்தர் கரையில நடந்தாப் போதும்.

அப்படி நடந்தவங்கதான் நீர்க்கட்டி, மடையன்னு ஊருக்கு ஒரு பேர்ல இருந்தவங்க. ஊரே சேர்ந்து செய்யிற பராமரிப்பு குடிமராமத்து. அதைப் பொற்காலம்னு நான் சொல்ல மாட்டேன். மண் சுமந்தவங்களும் நிலம் வச்சிருந்தவங்களும் எப்பவும் ஒரே ஆளா இருக்கல.

பிரிட்டிஷ் காலத்துல இந்த வழக்கம் தளர்ந்தது. 1858-ல மதராஸ் மாகாணத்துக்குன்னு ஒரு கட்டாய உழைப்புச் சட்டம் வந்துச்சு. கரை உடையிற அபாயம் இருந்தா, பக்கத்துல இருக்கிற உடல் வலு உள்ள ஆண்களை வேலைக்குக் கூப்பிடலாம், மறுத்தா தண்டனை. வழக்கமான மராமத்துக்கு வராதவங்க, அந்த வேலையோட மதிப்பைப் போல ரெண்டு மடங்கு கட்டணும். யோசிச்சுப் பாருங்க: மக்கள் தானா வந்துக்கிட்டிருந்தா, இப்படி ஒரு சட்டம் எதுக்கு?

2017-ல தமிழ்நாடு அரசு குடிமராமத்துங்கிற பேரை மறுபடி எடுத்து, தூர்வாரல், கரை பலப்படுத்தல்னு ஒரு திட்டம் கொண்டுவந்துச்சு. 2021-ல நாடு முழுக்க அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு. ஆனா அது 15 மீட்டருக்கு மேல உயரமான அணைகளுக்கும், சில நிபந்தனைகளோட 10 முதல் 15 மீட்டர் வரையிலான அணைகளுக்கும்தான். நம்ம ஊர்க் கண்மாய்க் கரையில பெரும்பாலானது அந்தக் கணக்குலயே வராது.

சின்னதுதானேன்னு விட முடியாது. இங்க கண்மாய்கள் சங்கிலி மாதிரி. மேல ஒண்ணு உடைஞ்சா, அந்த வெள்ளம் மொத்தமும் கீழ இருக்கிற கரை மேல வந்து மோதும். முன்னாடி கரைக்குக் கீழ நெல் வயல் இருந்துச்சு, உடைஞ்சா ஒரு போகம் போகும். இலங்கையில கந்தளாய்க் குளம், மன்னர் காலத்து மண் கரை, 1986 ஏப்ரல் 20 விடியுறதுக்கு முன்னாடி உடைஞ்சப்போ 120-க்கும் மேற்பட்டவங்க செத்துப்போனாங்க. அது நம்ம கண்மாயை விட ரொம்பப் பெருசு. ஆனா இப்போ நம்ம கரைக்குக் கீழயும் வீடுதான் இருக்கு.

வயல் இருந்த வரைக்கும் கரையில நடக்க ஒருத்தருக்குக் காரணம் இருந்துச்சு. பிளாட் போட்ட ஆயக்கட்டுல மடையைத் திறக்க யாரும் வர்றதில்ல. பல இடத்துல கலிங்குத் தண்ணி போற ஓடை மேலயும் வீடு வந்தாச்சு.